வயிற்று வலி என்று சொன்னேன்

என் அண்ணன் குடித்தார். தொட்டியம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. காவிரிப் படுகையில் நாணலுக்குள் சாராயம் காய்ச்சுவார்கள். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. எங்கே காய்ச்சுகிறார்கள் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அண்ணன் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போதே குடித்துவிட்டுப் போவார். குடிக்காவிட்டால் மண்வெட்டி கையில் நிற்காது.

அவரைக் கேவலமாகப் பேசி எழுதப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேவலமாக நடந்தவன் நான்.

அண்ணி எல்லாம் செய்து பார்த்தாள். கோயிலில் கயிறு கட்டி, குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவர் கயிற்றைக் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டுப் போய்க் குடித்தார். முசிறி வரைக்கும் போய்க் கேட்டோம். குடிக்கு வைத்தியம் என்று ஒன்று இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அண்ணி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றாள். அண்ணன் அங்கே போய், "திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறேன். தம்பி சேத்து விடுவான். நீ வீட்டுக்குப் போ" என்றார். அவராகச் சொன்னார். யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு அறையில் வாடகைக்கு இருந்து, திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். திருவெறும்பூர் பக்கம் புதிதாகப் பெரிய தொழிற்சாலை கட்டி ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்டர்வியூ முடித்திருந்தேன். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. அந்த வாரம் பார்த்து அண்ணன் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர். நர்ஸ் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுது?"

அண்ணன் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "வயித்து வலிங்க சார்."

"குடிப்பாரா?"

"இல்லீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். குடிக்கிறவர் என்று எழுதினால் அது போலீசுக்குப் போகும், போலீசிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் என்று நான் நம்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. நானே நினைத்து நானே பயந்துகொண்டேன்.

வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் கை நடுங்கியது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்த பொன்மலை ரயில்வேக்காரர் ஒருவர் படுத்திருந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இது என்ன வலின்னு எழுதியிருக்கு?" என்றார்.

"வயித்து வலி."

"எங்க ஷெட்ல பாதிப் பேருக்கு இந்த வயித்து வலிதான். சம்பளம் வாங்குனா சரியாயிடும்."

சுற்றிலும் சிரித்தார்கள். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார்.

மூன்றாம் நாள் அவருக்குப் புத்தி தப்பியது. வார்டுக்குள் ஆறு வந்துவிட்டது என்றார். "தம்பி, வாழைக் கன்னெல்லாம் முழுகுது, மடைய அடைடா" என்று கட்டிலில் ஏறி நின்றார். இறக்கி, கையையும் காலையும் கட்டிலோடு கட்டினார்கள். வேட்டி நனைந்துவிட்டது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"ஏம்ப்பா, உண்மையச் சொல்லு. குடி உண்டா?"

"எங்க குடும்பத்துலயே அந்தப் பழக்கம் கிடையாதுங்க சார்."

முதல் தடவை பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்ல? அண்ணனைக் கட்டிப் போட்டதைப் பார்த்துவிட்டு வந்து நின்று சொன்னேன். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அசையாமல் தோளை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். அந்த ஊசி என் பொய்க்குப் போட்ட ஊசி. அதை அவர் முதுகில் வாங்கினார்.

நான்காம் நாள் காலை அண்ணி பஸ் பிடித்து வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். நேராக டாக்டரிடம் போனாள்.

"தினமும் குடிக்கிறவருங்க. அத நிறுத்தத்தான் இங்க வந்தாரு."

"ஏம்மா, இத வந்த அன்னிக்கே சொல்லக் கூடாதா? தினமும் குடிக்கிறவன் திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் புத்தி தப்பும்."

"நான் அன்னிக்கு வரலீங்க. தம்பிதான் வந்துச்சு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "போலீசுக்குச் சொல்லிடுவேன்னு பயந்தியா? எனக்கு வேற வேலை இல்லையா?" அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மருந்தை மாற்றினார்கள். அண்ணன் ஒரு பகல் முழுக்கத் தூங்கினார். பத்து நாளில் நடந்து வெளியே வந்தார். மறுபடி ஆரம்பித்தால் உடனே வந்து படுத்துவிட வேண்டும், வெட்கப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பஸ் ஏற்றிவிடும்போது அண்ணன் என்னிடம், "விடுறா, உனக்கும் வேலை முக்கியம்தானே" என்றார்.

விசாரணைக்கு எங்கள் ஊருக்குப் போன ஏட்டு, கையெழுத்து வாங்க என் அறைக்கும் வந்தார். "உங்க அண்ணன எனக்குத் தெரியும்பா" என்றார். கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் எழுதுனா இந்தத் தாலுக்காவுல ஒருத்தனுக்கும் வேலை கிடைக்காது." நன்னடத்தை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை கிடைத்தது. பிறகு கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது.

அண்ணன் எட்டு மாதம் தொடவில்லை. புயலில் தார் போட்ட வாழை அத்தனையும் சாய்ந்தபோது மறுபடி ஆரம்பித்தார். எனக்குத் தெரியும். ஊருக்குப் போனால் வாசனை வரும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த ஆடியில் ரத்தம் ரத்தமாக வாந்தி எடுத்து வீட்டிலேயே செத்துப்போனார். நாற்பது வயது ஆகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணி சொன்னாள்.

"மாசியில ஒரு தடவை திருச்சிக்குப் போனாரு."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். நான் கூடப் போக முடியல, பெரியவனுக்கு அம்மை. அந்த டாக்டர் மாத்தலாகிப் போயிட்டாராம். இருந்தவங்க, கட்டிப் போடுற கேசு, கூட ஆள் இல்லாம சேத்துக்க மாட்டோம், யாரையாவது கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாங்களாம்."

"எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே அண்ணி."

"நானும் அதான் கேட்டேன். தம்பி ஏன் வரணும், புது வேலை, அவன் பேரு கெடும்னாரு. அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டாரு."

அவள் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். எழுந்துபோய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள்.

மதுவிலக்குச் சட்டத்தைத் திட்ட எனக்கும் தெரியும். வியாதிக்காரனைத் திருடன் மாதிரி ஒளியவைத்த சட்டம். தொட்டியத்திலிருந்து ஆறு பஸ் நிறுத்தத்துக்குள் ஒரு டாக்டர் இருந்திருந்தால், கூட ஆள் கேட்காமல் ஒரு கட்டில் கொடுத்திருந்தால், அண்ணன் பிழைத்திருப்பார். இதை யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன். ஆனால் அந்த மாசியில் ஆஸ்பத்திரியிலிருந்து என் தொழிற்சாலைக்கு ஒரே பஸ், மாறக்கூட வேண்டாம். அவர் ஆள் அனுப்பியிருந்தால் நான் போயிருப்பேனா என்று அண்ணி கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

போயிருக்க மாட்டேன். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, லீவு தர மாட்டார்கள் என்று சொல்லியிருப்பேன். லீவு தந்திருப்பார்கள்.