சாமைக்குள் வைத்த மானிட்டர்

என் அண்ணன் சின்னராஜின் மனைவி தேவயானி, விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். அப்போது அரசு கொடுத்த லேப்டாப்பைத் துணிமூட்டையோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் இருந்த விண்டோஸ் எப்போதோ கெட்டுப்போனது. லினக்ஸ் மட்டும் ஓடியது. வீட்டில் அதைத் திறந்து உட்கார்ந்தது அண்ணி. பக்கத்தில் நின்று பார்த்தது நான்.

சாமை அறுப்பு முடிந்ததும் மலைமேல் எங்கள் நெல்லிவாசல்நாட்டில் பாதிப் பேர் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுவார்கள். அண்ணனும் அண்ணியும் வருஷா வருஷம் போனார்கள். போன முறை மகள் நதியாவையும் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்தபோது அங்கன்வாடியில் கற்ற பாட்டெல்லாம் அவளுக்கு மறந்திருந்தது. இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. குடகுக்கு வரமாட்டேன் என்று அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்றைத் தேடிக்கொண்டார்.

லேப்டாப்பில் செடி இலைகளின் படம் வரும். அதில் நோய்ப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட வேண்டும். முதலில் ஒரு தேர்வு. தேறினால் வேலை. தேறாவிட்டால் மறுநாள் விடியும்போது குடகு ஜீப்.

லேப்டாப் மழைக்காலத்தில் பரணிலிருந்து விழுந்து திரை விரிசல் விட்டிருந்தது. ஒரு மூலைதான் தெரியும். அதனால் அண்ணன் மலைக்குக் கீழே சந்தவாசலில் ரமேஷ் கடையில் பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி, போர்வையில் சுற்றி, ஜீப்பில் கொண்டுவந்தார். வழியெல்லாம் பனி.

மாட்டியதும் படம் வந்தது, ஆனால் மங்கலாக. எழுத்தின் ஓரமெல்லாம் கசிந்திருந்தது. இலையில் நோய்ப் புள்ளியும் மண் தூசியும் ஒன்றுபோலத் தெரிந்தன.

"பனி பூந்துகிச்சு," என்றார் அம்மா. "சாமையில வையி."

ஈரம் பட்ட எதற்கும் எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம். சாமை கொட்டி வைக்கும் தொம்பைக்குள் டார்ச் லைட் போயிருக்கிறது, செல்போன் போயிருக்கிறது, ஒருமுறை அண்ணனின் ஓட்டு அட்டையும் போனது. மானிட்டரையும் புதைத்தோம். அண்ணி தடுக்கவில்லை. காலையில் எடுத்தபோது பின்பக்க ஓட்டைகளிலிருந்து சாமை கொட்டியது. மங்கல் போகவில்லை.

அண்ணன் ரமேஷுக்குப் போன் போட்டார்.

"கடையில நல்லாத்தானேண்ணா ஓடுச்சு? எறக்கிக் கொண்டாங்க, வேற தர்றேன்."

"சாமையிலகூட வெச்சிப் பாத்துட்டோம்பா."

"இன்னாது?"

"சாமையில."

"மானிட்டர வெதைச்சிட்டீங்களாண்ணா? மொளைச்சா எனக்கொண்ணு குடுங்க."

அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. தேர்வை அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும். மத்தியான ஜீப்பில் மானிட்டர் இறங்கினால் தேர்வு எழுத முடியாது.

"வுடு தேவயானி. இந்த வருசமும் போய்ட்டு வந்துருவோம். புள்ளைய அம்மா பாத்துக்கும்."

"ஆடு பாக்கவே எனக்கு ஆளு வேணும்," என்றார் அம்மா. "என்ன ஏன்டா இழுக்குற?"

மானிட்டரைச் சுற்ற அண்ணி போர்வையை எடுத்துக்கொண்டு, லேப்டாப் பக்கமிருந்த கேபிளைப் பிடுங்கினார். மானிட்டர் கறுத்தது. பிறகு நடுவில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. சிக்னல் இல்லை என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது.

"இங்க பாரு," என்றார் என்னிடம். "இது மட்டும் எப்பிடித் தெளிவா இருக்குது?"

அப்படித்தான் இருந்தது. அந்தக் கட்டம் மானிட்டர் தானாகக் காட்டுவது. பனி புகுந்திருந்தால் அதுவும் மங்கியிருக்க வேண்டும். அப்படியானால் குறை மானிட்டரில் இல்லை, லேப்டாப் அனுப்பும் படத்தில் இருந்தது.

கேபிளை மறுபடி மாட்டி, திரைக்கான செட்டிங்ஸைத் திறந்தார். இரண்டு திரையிலும் ஒரே படம் என்று அவரேதான் வைத்திருந்தார். விரிசல் திரையில் மிஞ்சிய மூலையை விட மனமில்லை. அதனால் லேப்டாப்பின் 1366-க்கு 768 என்ற சின்ன அளவைத்தான் மானிட்டரும் இழுத்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. மானிட்டரின் சொந்த அளவு 1920-க்கு 1080.

விரிசல் திரையை அணைத்துவிட்டு அந்த அளவை வைக்க வேண்டும். வைத்தபின் மானிட்டரிலும் ஒன்றும் வராவிட்டால்? அண்ணியின் விரல் மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"ரெண்டும் அணைஞ்சிட்டா, அண்ணி?"

"அணைஞ்சிட்டா குடகு."

அழுத்தினார். இரண்டும் கறுத்தன. பிறகு மானிட்டரில் படம் வந்தது. மாற்றத்தை இப்படியே வைத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு பெட்டி கேட்டது. எழுத்து பொடியாக, ஓரம் கசியாமல் இருந்தது.

"இம்மாம் பொடியா இருக்குதே," என்றார் அண்ணன்.

"தெரியுதில்ல?" என்றார் அண்ணி. பெட்டிக்குச் சம்மதம் சொல்லிவிட்டு இலைப் படத்தைத் திறந்தார். மஞ்சள் விளிம்பு இருந்தால் நோய், இல்லாவிட்டால் மண். இப்போது விளிம்பு தெரிந்தது. மத்தியானச் சோற்றுக்கு எழவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில், தேறிவிட்டதாகச் செய்தி வந்தது.

விடியலில் ஜீப் வந்தது. அண்ணன் ஏறினார். உள்ளேயிருந்து எங்கள் ஊர்க் குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மருமவ வர்ல?"

"பொட்டி தெளிஞ்சிருச்சி," என்றார் அம்மா. "சாமையில வெச்சோமில்ல."

அண்ணி நதியாவின் தலையைத் தன் முழங்காலுக்கு நடுவே பிடித்துப் பின்னிக்கொண்டிருந்தார். குப்பம்மாள் தன் மூட்டையைத் தூக்கி அண்ணன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.