ஆரணியில் தவறவிட்ட பஸ்

ஆரணி பஸ் நிலையத்து டீக்கடையில் வேலூர் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். நாளை இங்கே கால்பந்து அரையிறுதி. என் ஊரான வேலூரோடு ஆரணி மோதுகிறது. பெஞ்சு முழுக்க அதே பேச்சு. ஆரணி கோல்கீப்பருக்குக் கைவீக்கம் இன்னும் வடியவில்லையாம். "என்னா ஆனாலும் வேலூரான உட்டுடக் கூடாது" என்று ஒருவர் மேஜையில் குத்துகிறார்.

பக்கத்தில் இருக்கும் நெசவாளர் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்கிறார்.

பயத்தில், "மெட்ராஸ்" என்று சொல்லிவிடுகிறேன்.

"அப்போ பொதுவா சொல்லுங்க, நாங்க ஜெயிப்பமா?"

"கண்டிப்பா."

அவர் முகம் மலர்ந்து எனக்கும் டீ சொல்கிறார். "தோத்தாலும் பேஜார் இல்லீங்க. போன வருஷம் வேலூர்ல ஆடிகினு இருக்கசொல்ல என் தம்பிக்குக் கால் ஒடஞ்சிடுச்சி. அந்த ஊர்க்காரங்கதான் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. நல்ல ஜனங்க."

மேஜையில் குத்தியவரும் தலையாட்டுகிறார்.

"வேலூர், வேலூர்!" என்று கண்டக்டர் கூவுகிறார். எழுந்திருக்க முகமில்லை. என் பஸ் கண்ணெதிரே போகிறது.

"நீங்க உக்காருங்க, மெட்ராஸ் பஸ்ஸுல நான் எடம் புடிக்கறேன்" என்று என் பையைத் தூக்கிக்கொண்டு நெசவாளர் வெயிலில் இறங்கி நடக்கிறார்.