வாசலில் கிழித்த காகிதம்

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த என் கணவர், நெஞ்சுவலியில் அங்கேயே இறந்துபோனார். தகனமும் அங்கேயே முடிந்தது. எங்களுக்குத் தந்திதான் வந்தது.

ஒரு மாதம் கழித்து, அவரோடு வேலை பார்த்தவர் ஒரு கடிதமும் சிங்களத்தில் அச்சடித்த ஒரு தாளும் அனுப்பியிருந்தார். கணவரின் அண்ணனான அத்தான் முதல் வரியைப் பார்த்ததுமே, "சாவுச் சேதி வந்த காயிதத்த வீட்டுக்குள்ள கொண்டுபோவக் கூடாது" என்று வாசலிலேயே இரண்டையும் கிழித்துப் போட்டார். எங்களுக்குள் அதுதான் வழக்கம். அத்தான் கிளம்பிப் போனதும், என் கணவர் இருந்த ஊரிலிருந்து வந்ததாயிற்றே என்று துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் வைத்தேன்.

வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போனபோதுதான் விஷயம் புரிந்தது. "இறப்புச் சான்றிதழ் எங்கம்மா? அது இல்லாம, எங்களுக்கு அவரு உயிரோடதான் இருக்காரு" என்றார் கிளார்க். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது என்றால் நம்புவீர்களா? மில்லர்புரத்தில் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

துண்டுகளைச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். அந்தச் சிங்களத் தாள்தான் இறப்புச் சான்றிதழ்; அதில் பதிவு எண் மட்டும் தப்பியிருந்தது. அதைக் கொழும்புக்கு எழுதியனுப்பி, ஆங்கில மொழிபெயர்ப்போடும் அங்குள்ள இந்திய அலுவலகத்தின் முத்திரையோடும் புது நகல் வர எட்டு மாதமானது. அவர் இறந்த சேதி இரண்டாம் தடவையாக வந்த அன்று, சேர்ந்து அழ யாருமில்லை.

இப்போதெல்லாம் கருமாதிக் கடிதம் வந்தால் உறையை உதறிப் பார்த்து, முழுசாகப் படித்து, பீரோவில் வைத்துவிடுகிறேன். கூடாதென்று சொல்ல வீட்டில் வேறு ஆளில்லை.

– ஒரு வாசகி, தூத்துக்குடி