டீசல் பம்பில் ஒரு வேல்

எங்கள் கிணற்றின் பழைய ஆயில் எஞ்சினைச் சீராக்க வந்த மெக்கானிக், ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். காது மடலில் எப்போதும் கிரீஸ் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் பிரித்துக் கழுவிப் பூட்டி, பச்சை பெயிண்ட் அடித்தார். கற்பூரம் காட்டி ஓட்டிய அன்று அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மெக்கானிக்கின் கண் கலங்கியது.

நெல் கதிர் வரும் நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. அவரைத் தேடி மானாம்பதிக்குப் போனேன். வேறொருவருடைய கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குக் காது கொடுத்தபடி நின்றிருந்தார். எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் அதன் சின்ன டீசல் பம்பில் அப்பா உளியால் வெட்டிய வேல் அடையாளம் தெரிந்தது.

“அண்ணே, இது எங்க பம்பாச்சே.”

“ஆமா தம்பி. இந்த ஆளு பேஜார் புடிச்சவன், வேலை சரியில்லன்னா அடிச்சிடுவான். உங்க நைனா தங்கமான மனுசன், ஒண்ணும் கேக்க மாட்டாரு. அதான் இவனோட தேஞ்சத உங்களுக்கு மாட்டிட்டேன்.”

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியை என் காதருகே நீட்டினார்.

“கேட்டுப் பாரு, எவ்ளோ சுத்தமா ஓடிக்கினு கீது.”

சுத்தமாகத்தான் ஓடியது. எங்கள் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கையைப் பிடித்தபோதே எங்கள் பம்பு அவர் பைக்குள் இருந்திருக்கும். பின் எதற்காகக் கண் கலங்கினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.