ஆள்காட்டி விரலை எங்க வைக்கணும்?

சின்னப் பசங்களுக்கு டென்னிஸ் கத்துக்குடுக்கப் புதுசா வர்ற கோச்சுங்க எங்கிட்ட கேக்கிற மொத கேள்வி, "போர்ஹேண்டுக்கு எந்த கிரிப் குடுக்கிறது மாஸ்டர்?" என்பதுதான். பதில் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, நான் மானம் போய் நின்ன ஒரு நாளைச் சொல்லணும். அதை முழுங்கிட்டு பதிலை மட்டும் சொன்னா, நான் இன்னும் திருந்தலைன்னு அர்த்தம்.

செலக்‌ஷன்

திருவள்ளூர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுத்தாங்க. எங்கிட்ட ஆடுற பெனிட்டாவைக் கூட்டிக்கினு போனேன். கூட அவ அம்மா ராணி. ஊடு ஆரம்பாக்கம். ராணி கும்மிடிப்பூண்டியில ஒரு கம்பெனியில பேக்கிங் வேலை. வேலைக்கு வரும்போது பொண்ணையும் ரயில்ல கூட்டிவந்து எங்க கோர்ட்ல விடும். ஷிப்ட் மாத்தப்போறாங்கன்னு பேச்சு இருந்துச்சு. மாத்திட்டா பெனிட்டாவைக் கூட்டிவர ஆள் கிடையாது, ஆட்டம் அதோட முடிஞ்சுது. ஹாஸ்டல்ல எடம் கிடைச்சா படிப்பு, சாப்பாடு, மட்டை எல்லாம் அவங்க பொறுப்பு. அந்த வருஷம் விட்டா வயசும் தாண்டிடும்.

மொதல்ல தாழ்வான பந்தாப் போட்டாங்க. பொண்ணு பிச்சு உதறினா. ராணி என்னைப் பாத்துச் சிரிச்சுது. அப்புறம் செலக்‌ஷனுக்கு வந்த மேடம் தோள் உசரத்துக்குப் பந்து எழும்புற மாதிரி போட்டாங்க. ஒண்ணு வேலியில போய் இடிச்சுது. அடுத்தது வேலியைத் தாண்டிச்சு. அதுக்கப்புறம் எதுவுமே உள்ள விழல.

மேடம் கிட்ட வந்து அவ கையைப் பாத்தாங்க. "ஆள்காட்டி விரலை ஏம்மா மடக்கி வெச்சிருக்கே?"

பெனிட்டா என்னைத் திரும்பிப் பாத்தா.

"யாரு இப்படிப் பிடிக்கச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். எங்க மாஸ்டர் இப்படித்தான் புடிப்பாரு."

மேடம் எங்கிட்ட திரும்பினாங்க. "மாஸ்டர், கொஞ்சம் பிடிச்சுக் காட்டுங்க, பாப்போம்."

என் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. மத்த கோச்சுங்க, பெத்தவங்க எல்லாம் பாத்துக்கினு நிக்கிறாங்க. வேற வழியில்லாம வெளிய எடுத்து மட்டையைப் பிடிச்சேன். மேடம் பாத்தாங்க. சட்டுன்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டு, "ஸாரி மாஸ்டர்"னாங்க. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட தேவலை. அந்த ஸாரியைக் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு.

எனக்கு ஆள்காட்டி விரல் கிடையாது. அடி முட்டியோட போயிடுச்சு.

எட்டுப் பட்டை

சின்ன வயசுல ஒரு பிரஸ் ஷாப்ல தகடு வெட்டிக்கினு இருந்தேன். மிஷின் விரலைச் சாப்பிட்டதும், லைட் டியூட்டின்னு ஆபீசருங்க கிளப்புக்கு அனுப்பிட்டாங்க. கோர்ட்டுக்கு ரோலர் இழுக்கணும், பந்து பொறுக்கணும். ஆடறதுக்கு ஆள் வராத அன்னிக்கு, "நீ வாய்யா, சும்மா திருப்பிப் போடு"ம்பாங்க. அப்படி ஆடிப் பழகினவன்தான் நான். ஆள்காட்டி விரல் பண்ற வேலையை நடுவிரலுக்குக் குடுத்து, நானா ஒரு பிடியை உண்டாக்கிக்கிட்டேன். அப்புறம்தான் கோச் கோர்ஸ் போனது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வேலை செய்றவங்க பசங்களைச் சேர்த்தது எல்லாம்.

மட்டையோட பிடி உருளை கிடையாது, எட்டுப் பட்டை. மேல இருக்கிறது ஒண்ணு, வலது கைக்காரனுக்கு வலப்பக்கமா எண்ணிக்கினு வரணும். ஆள்காட்டி விரலோட அடி முட்டி எந்தப் பட்டையில உக்காருதோ அதுதான் கிரிப். மூணாம் பட்டைன்னா ஈஸ்டர்ன், நாலுன்னா செமி வெஸ்டர்ன். கோர்ஸ்ல சார் இதைச் சொன்னப்ப நான் கையை டேபிளுக்கு அடியில வெச்சுக்கினு இருந்தேன். எதை வெச்சு கிரிப்பைக் கணக்குப் பண்ணணுமோ அது எங்கிட்ட இல்ல.

நான் மூணாம் பட்டையில வெக்கிறது நடுவிரல் முட்டி. அதைப் பாத்து விரல் இருக்கிற புள்ள பிடிச்சா, அதோட ஆள்காட்டி முட்டி ரெண்டாம் பட்டைக்கு ஏறிடும். தாழ்ந்த பந்துக்கு அது போதும். உசரப் பந்துக்கு மட்டை வானத்தைப் பாக்கும், பந்து பறக்கும். எங்க சிமெண்ட் கோர்ட்ல பந்து நல்லாவே எகிறும். அங்கயும் அவ பந்து பறக்கத்தான் செஞ்சுது. சின்னப் பொண்ணு, வளந்தா சரியாயிடும்னு விட்டுட்டேன்.

ஏன் அவ கையைப் பிடிச்சுப் பாக்கல? பாத்தா என் கையையும் காட்டணுமே! வேர்வை துடைக்கிற சாக்குல வலது கையில எப்பவும் ஒரு துண்டைச் சுத்தியிருப்பேன். கிரிப்பை வாயாலதான் சொல்லுவேன். பந்து போடும்போது மட்டும் துண்டு தோளுக்குப் போகும். அந்த வேகத்துல யார் பாக்கப்போறான்னு ஒரு நெனப்பு.

பஸ் ஸ்டாண்ட்

லிஸ்ட்ல பேர் வரல. மூணு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நாஷ்டா வாங்கி, சாப்பிடாம உக்காந்திருந்தோம். "பேஜாராவாதீங்க மாஸ்டர்"னு ராணி எனக்கு ஆறுதல் சொல்லிச்சு. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த எரிச்சலை யார் மேல காட்டுறது? புள்ள மேலயே காட்டினேன்.

"ஒனக்கு வெரல் இருக்குதுல்ல? மூணாம் பட்டை, மூணாம் பட்டைன்னு தொண்டை கிழிய கத்திக்கினுதான இருந்தேன்? புரியலைன்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியா?"

பெனிட்டா அம்மாவைப் பாத்தா. ராணி தலையைக் குனிஞ்சுக்கினு, "நான்தான் மாஸ்டர் சொன்னேன். சேத்த அன்னிக்கே சொன்னேன். ‘மாஸ்டரு கையப் பத்தி இன்னாவும் கேக்காத, அவருக்கு மனசு நோவும்’னு."

"அப்போ ஒனக்குத் தெரியுமா?"ன்னு பெனிட்டாவைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் மாஸ்டர்"னா பெனிட்டா. "நீங்க துண்டை எடுத்தா நாங்க வேற பக்கம் பாத்துக்குவோம். எப்டி புடிக்கிறதுன்னு கேட்டா நீங்க கையக் காட்டணும்ல, அதான் யாரும் கேக்க மாட்டோம். நான் மட்டும் நீங்க பந்து போடறப்ப திருட்டுத்தனமா பாத்து கத்துக்கினேன். மணிக்கட்டு ரொம்ப நாளா நோவுது. அதைச் சொன்னாலும் கிரிப் பேச்சு வரும்னு சொல்லல."

அடப்பாவி மனுசா! நான் மறைக்கிறதா நெனச்சுக்கினு திரிஞ்சேன். எனக்காக ஒரு கோர்ட் புள்ளைங்களே மறைச்சுக்கினு இருந்திருக்குதுங்க. அதுல ஒண்ணு வலியைக்கூட மறைச்சிருக்கு.

மட்டையை உறையிலிருந்து எடுத்தேன். வெறுங்கையோட பிடிச்சேன். எதுத்த பெஞ்சுல ஒரு ஆள் முறைச்சுப் பாத்தார். "இங்க பாரு பெனிட்டா, இந்த எடத்துல எனக்கு ஒண்ணும் இல்ல, ஒனக்கு இருக்குது. அதை நீட்டு. மூணு வேணாம், ஒன் உசரத்துக்கு முட்டிய நாலாம் பட்டையில வை."

வெச்சா. காத்துல ஒரு தரம் வீசிப் பாத்தா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க. "கட்டை வெரல் எங்க வரணும்? தாழ்ந்த பந்துக்கும் இதேவா? இறுக்கிப் புடிக்கணுமா? நெட்கிட்ட வாலி அடிக்கிறப்ப மாத்தணுமா?" இத்தினி காலமா அடக்கி வெச்சிருந்த அத்தனையும் கேட்டா. பஸ் வந்து, ஏறி, கம்பியைப் பிடிச்சு நின்னுக்கினும் கேட்டுக்கினே வந்தா.

அடுத்த மாசமே ராணிக்கு ஷிப்ட் மாறிடுச்சு. பெனிட்டா வரதில்ல.

இப்ப பதில். உங்க கோர்ட் சிமெண்ட், புள்ள குட்டை, பந்து தோளுக்கு வருதுன்னா நாலாம் பட்டையில ஆரம்பிங்க. தாழ்ந்த பந்துக்குக் கஷ்டப்பட்டா மூணுக்கு வாங்க. வாயால சொல்லாதீங்க, கையப் பிடிச்சு வையுங்க. ஆனா நான் கத்துக்கிட்டது அது இல்ல. புள்ளைங்க உங்களை ஒண்ணுமே கேக்கலைன்னா, எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. உங்க மேல பாவப்பட்டுக்கூட இருக்கலாம்.