நடுவில் நின்ற முள்

எங்கள் பழைய பிக்கப் வண்டியில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள், பத்து வருஷமாக நடுவிலேயே நின்றது. கல்மண்டபத்தில் எனக்கு மளிகை மொத்த வியாபாரம். எண்ணூர் கேன்டீன்களுக்கு அரிசியும் வெங்காயமும் அந்த வண்டியில்தான் போகும். ஓட்டியவர் புளியந்தோப்பு பாய். பக்கத்து சீட்டில் நான். வாங்கிய புதிதில் முள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எப்படியோ சாதுவாகிவிட்டது. திருவொற்றியூர் கோயிலில் தேங்காய் உடைத்த பலன் என்று நினைத்துக்கொண்டேன். "நம்ம வண்டி சூடே ஆகாது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

போன மாதம் பாய்க்கு முழங்கால் வலி முற்றிப்போய், கிளட்ச் மிதிக்க முடியவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "முள்ள நம்பாத அண்ணாச்சி, மூக்க நம்பு" என்றார். வழக்கமான கிண்டல் என்று விட்டுவிட்டேன். நானே ஓட்ட ஆரம்பித்த மூன்றாம் நாள், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. முள் நடுவில்தான் நின்றது. சட்டென்று இஞ்சினை அணைத்தேன். இஞ்சின் போனால் இந்த வயசு வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும். வண்டி இல்லாமல் கடையும் ஓடாது.

ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாக உருட்டி வந்து மூலக்கொத்தளத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் விட்டேன். மறுநாள் காலையில் அவர் ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை மட்டும் ஒரு திருகு திருகினார். முள் சட்டென்று நடுவுக்கு வந்தது.

"இஞ்சினே இன்னும் எந்திரிக்கல. அதுக்குள்ள இன்னா ஜொரம்?" என்றார்.

டேஷ்போர்டைக் கழற்றினார். இஞ்சினுக்குப் போகும் வயரை யாரோ வெட்டி, ரேடியோவுக்குள் இருக்குமே, கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர், அதைக் கோத்து வண்டியின் இரும்பு பாடியில் முறுக்கி வைத்திருந்தார்கள். வண்டி கொதித்தாலும் குளிர்ந்தாலும் முள் அசையாது. "வேணுன்னே வெச்சிகீறாங்கோ. நீட்டா வெச்சிகீறாங்கோ" என்று மெச்சிக்கொண்டே புது வயர் இழுத்தார். எதிர் டீக்கடையில் ஒரு சொம்பு கொதிநீர் வாங்கி, இஞ்சினிலிருந்து கழற்றிய சென்சாரை வயரோடு அதில் முக்கிப் பிடித்தார். முள் மெல்ல மேலே ஏறியது. அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரேடியேட்டர்தான் கிழடு, பார்த்து ஓட்டு என்றார்.

நேரே பாய்க்குப் போன் போட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"நான்தான் வெச்சேன். பக்கத்துல குந்திகினு முள்ளு ஏறுது, முள்ளு ஏறுதுன்னு நீ கத்துவ. உன்ன பாக்கறதா, ரோட்ட பாக்கறதா? அதான் உனுக்குன்னு ஒரு முள்ளு."

"அப்ப உமக்கு?"

"மூக்கு கீது, காலு கீது. கால்மாட்டுல தகரம் சுட்டா தெரியாதா?"

ஆத்திரம் வந்தது. கூடவே மலைப்பும் வந்தது. அந்தக் கிழட்டு ரேடியேட்டரோடு, அந்த நெரிசலில், முள்ளே இல்லாமல் பத்து வருஷம். ஒரு நாள்கூட எங்களை நடுரோட்டில் நிறுத்தியதில்லை மனுஷன். போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. திடீர் திடீரென்று ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிவிட்டு, டீ குடிக்கப் போவார். சரக்கு காத்துக் கிடக்க என்ன டீ வேண்டிக்கிடக்கிறது என்று, டம்ளரைக் கையில் பிடித்தபடி நான் மூச்சுவிடாமல் திட்டுவேன்.

அடுத்த லோடுக்குப் போகும்போது திருவொற்றியூர் தாண்டி முள் முக்காலைத் தொட்டது. ஓரங்கட்டினேன். பானெட்டைத் தூக்கிவிட்டு, பாய் நிறுத்துகிற கடைகளில் ஒன்றில் ஒரு டீ வாங்கிக்கொண்டு மறுபடியும் அவரைக் கூப்பிட்டேன்.

"டீ டீன்னு உம்மள எம்புட்டுத் திட்டிருக்கேன் பாய். மன்னிச்சிரும்."

"அத்த வுடு அண்ணாச்சி" என்று சிரித்தார். "நீ திட்டி முடிக்கறதுக்கும் இஞ்சின் ஆர்றதுக்கும் கரீக்டா இருக்கும்."