பாதுகாப்பு வாரத்தில் ஒரு கை

மரக்காணத்தில் உப்பு இரும்பைத் தின்னும். ஆணி, தாழ்ப்பாள், சைக்கிள் கம்பி, கூரையைத் தாங்கும் தூண், எதையும் விடாது. பிளெக்ஸ் பேனரை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தானோ என்னவோ, எங்கள் கம்பெனிக்குப் பாதுகாப்பு என்பது எப்போதும் பேனராகவே வந்து சேர்ந்தது.

உப்பளத்து உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பாக்கெட் போடுகிற சின்ன ஆலை. வாசலில் எடை மேடை என்னுடையது. லாரி ஏறும், எடை காட்டும், இறங்கும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் எதையாவது எழுதுவேன், கிழித்துப் போடுவேன். நான் எழுதுகிற ஆள் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். ஆகையால் பாதுகாப்பு வாரம் வந்தால் வாசகப் போட்டிக்கு நான்தான் நடுவர். வருகிற தாள்களிலெல்லாம் 'கவனம்' இருக்கும். எல்லா வாசகமும் தொழிலாளியைப் பார்த்தே விரல் நீட்டும். மெஷினைப் பார்த்து நீட்டிய ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

வண்ணம் கலந்த உப்பில் ஹெல்மெட் படம் போட்டுக் கோலப் போட்டி. வலது கையை நீட்டி உறுதிமொழி. மைக் செட், சாமியானா, கேசரி. இதெல்லாம் போகட்டும், வருஷத்தில் ஒருநாள் கேசரி தின்றால் யாருக்கும் கேடில்லை. கேடு பரிசில் இருந்தது. வருஷம் முழுக்க விபத்தே நடக்கவில்லை என்றால் ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். அது வந்த பிறகு விபத்து குறைந்ததோ இல்லையோ, காயத்தைக் காட்டுவது நின்றுபோனது. முன்பெல்லாம் கை கிழிந்தால் ஆபீசுக்கு ஓடி வந்து டிஞ்சர் கேட்பார்கள். இப்போது முந்தானையில் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். ரத்தம் தெரிந்தால் பக்கத்தில் நிற்பவள் முறைத்தாள்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி உப்பைக் கொண்டுபோகும் பெல்ட்டில் வேலை செய்தாள். என்னை அண்ணா என்பாள். கணவன் கடலுக்குப் போகிறவன். பெல்ட்டின் கடைசியில் ஓர் உருளை சுற்றும். ஈர உப்பு அதில் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பது அவள் வேலை. பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். நிறுத்தினால் திட்டு விழும். ஆகவே ஓட ஓடச் சுரண்டுவார்கள். உருளைக்கு முன்னால் கம்பி வலை ஒன்று இருந்தது. உப்பு தின்று அது உதிர்ந்த பிறகு வேறு வலை வரவில்லை. வலை இருந்த வெறும் சட்டத்துக்கு மட்டும், விழா வருகிறதே என்று, மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள்.

வாரத்தின் இரண்டாம் நாள் காலை அவள் கை உள்ளே போனது.

அலறல் எடை மேடைவரை கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பெல்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் சிவப்புப் பட்டன் பக்கத்துத் தூணில்தான் இருக்கிறது. சிறப்பு விருந்தினர் உள்ளே வந்ததும் கண்ணில் படவேண்டும் என்று அந்தத் தூணைச் சுற்றித்தான் பேனர் கட்டியிருந்தார்கள். 'பாதுகாப்பே நம் மூச்சு.' நைலான் கயிறு, இறுக்கி இறுக்கி முடிச்சு. இரண்டு பேர் நகத்தால் பிய்த்தார்கள். ஒருத்தி பல்லால் கடித்தாள். மூச்சுக்குப் பின்னால் கை விட்டுத் துழாவி ஒருவன் பட்டனை அமுக்குவதற்குள், இரண்டு விரல்கள் போய்விட்டன.

புதுச்சேரிக்கு சூப்பர்வைசர் காரில் போனோம். துணைக்கு நான். அவள் கையில் சுற்றியிருந்த துண்டு, முந்தின நாள் கோலப் போட்டிக்குக் கொடுத்த ஆறுதல் பரிசு. ஆரோவில் பக்கம் திரும்பும் வளைவு தாண்டியதும் சூப்பர்வைசர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். குரலில் அவ்வளவு பாசம்.

"ஆஸ்பத்திரில கேட்டாங்கன்னா வூட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சின்னு சொல்லிடும்மா. ஹாட்பாக்ஸ்லாம் வந்து எறங்கிடுச்சி. உன் ஒருத்தியால எல்லாருக்கும் போயிடக் கூடாது பாரு."

செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வேலையும் போகாது என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவள் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டால் அந்த விரல்கள் கம்பெனியின் எந்த மெஷினிலும் போகாத விரல்கள். வலை வரவேண்டிய அவசியமே இருக்காது. நஷ்டஈடும் இருக்காது.

டாக்டர் சின்னப் பெண். துண்டைப் பிரித்தபடியே எப்படி ஆனது என்று கேட்டார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "கிரைண்டர் மேடம், வூட்ல" என்றார். அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

"எங்க வூட்ல மிக்சிதாங்க இருக்குது மேடம். அதுல எங்கைய வுட முடியாது. இது கம்பெனி பெல்ட்டுல மாட்டுனது. இந்த சார் வூட்ல ஒருவேள கிரைண்டர் இருக்கும்."

டாக்டர் சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதினார். சூப்பர்வைசர் போன் வந்ததுபோல வெளியே போனார். போன் வரவில்லை.

மறுநாளும் கம்பெனியில் உறுதிமொழி நடந்தது. யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. பரிசு ரத்து என்பதைப் பற்றித்தான் பேச்சு. ஹாட்பாக்ஸ் பெட்டிகள் பிரிக்கப்படாமல் குடோனில் கிடந்தன. வீடு திரும்பும் கம்பெனி வேனில் எனக்கு முன் சீட்டில் இருந்தவள், ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்றாள். பல்லால் முடிச்சைக் கடித்தவள் இவள்தான். இவளை நான் எப்படி வெறுப்பேன்? ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தைக் காட்டி, கூட வேலை செய்பவளின் விரல்மேல் கோபப்படப் பழக்கியிருந்தார்கள். பாதுகாப்பு விழாக்கள் விபத்தைத் தடுக்குமா என்று என்னைக் கேட்டால் இந்த வேனைத்தான் காட்டுவேன்.

நிறைவு விழாவைத் தள்ளி வைத்தார்கள். அவள் புண் ஆறியதும் சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு அவள் வீட்டுக்குப் போனாராம். விழாவில் குத்துவிளக்கு ஏற்ற அவள் வரவேண்டும், பார்க்கிறவர்களுக்கு ஒரு விழிப்புணர்வாக இருக்கும் என்றாராம். நான் போனபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"வெளக்கு ஏத்த மிச்சம் இருக்கற வெரலு போதும்னு பாக்குறாங்க போல, ண்ணா. கம்பி வல வந்துச்சான்னு கேட்டேன். ஆர்டர் குடுத்துக்கீதுன்னாரு."

நான் போகாதே என்றேன். யோசிக்கிறேன் என்றாள்.

விழாவன்று வந்தாள். சாமியானா பக்கம் திரும்பவில்லை. எடை மேடையைக் கடந்து நேரே ஆலைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். விழா நடந்தாலும் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் நின்ற இடத்தில் இப்போது புதிதாக ஒரு பெண், கையில் உப்பு சுரண்டும் தகரத் துண்டு. வலை வரவில்லை. தூணில் பேனர் புதுசு. இந்த முறை இன்னும் பெரியது. அவள் இடது கையால் அதன் ஓரத்தைத் தூக்கி, அந்தப் பெண்ணை அருகில் கூப்பிட்டு, பட்டன் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"அமுக்கு."

"திட்டுவாங்க அக்கா."

"திட்டட்டும். அமுக்கு."

பெல்ட் நின்றது. இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அந்த அமைதியை நான் கேட்டதில்லை. வெளியே மைக்கில் யாரோ 'கவனம்' என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. சூப்பர்வைசர் சட்டையில் ரோஜாப்பூவோடு ஓடி வந்தார்.

"யாரு நிறுத்துனது?"

"நிக்குதான்னு பாத்தோம் சார்" என்றாள். "நிக்குது."

அவர் அவளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பெல்ட்டை மறுபடி ஓடவிட்டார். பிறகு பேனரின் ஓரத்தைச் சரியாக இழுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.